மரம் வெட்ட முப்பது நாள்

மரம் வெட்ட அனுமதி கேட்டுப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் அந்த அனுமதியைக் கொடுக்கும் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவரே. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் வந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தாம்பரத்தில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கும் கடையில் வேலை பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் ரெக்சினைத் தைத்துக்கொண்டிருக்கலாம். கடைக்கு வருகிறவர்கள் முதலாளியிடம் பேசிக்கொள்வார்கள். பழக்கமில்லாதவர் எதிரே நின்று நாலு வார்த்தை பேசு என்றால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை, எதிரே யாரும் நிற்பதில்லை.

எண்பதுகளின் நடுவில் செம்பாக்கம் பக்கம் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மனை வாங்கினோம். தனியாக வாங்க எங்களில் யாராலும் முடியாது. ஒரே பத்திரம், கூட்டுப் பட்டா. வரிசையாக நாலு சின்ன வீடுகள். அவற்றுக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு வழி, ஒரு கிணறு, வழி முடிகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மனை போட்டவர் அதை வெட்டாமல் விட்டிருந்தார். நல்ல நிழல் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

என்னுடையது நாலாவது வீடு, கடைசி. மரம் நின்றது பொது இடத்தில். சாய்ந்திருந்தது என் வீட்டின் மேல். எனக்கு இருந்ததே ஒரு கூடமும் ஒரு உள் அறையும்தான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அந்த உள் அறைக்கு நேர் மேலே ஒரு கிளை, என் இடுப்பளவு தடிமன். அடிமரத்தில் ஒரு பொந்து இருந்தது. குடி வந்த வருடம் அதில் என் கைவிரல்கள் மட்டும் நுழைந்தன. தொண்ணூறுகள் தொடங்கியபோது முழங்கை வரைக்கும் போயிற்று. கையை வெளியே எடுத்தால் செல்லரித்த தூள் கொட்டும்.

பத்திரம் முதல் வீட்டு சாரின் பீரோவில் இருந்தது. அவர் ரிட்டயரான குமாஸ்தா, எங்கள் நாலு பேரில் நிறையப் படித்தவர். மரத்தை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தைப் பிரித்து வாசித்தார்.

"பொது வழியும் அதிலுள்ள மரமும் நால்வரும் பொதுவில் அனுபவிக்க வேண்டியதுன்னு இருக்கு. வழியையோ மனை போடும்போதே பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அப்போ மரம் நம்மளுதும் இல்லை, நம்மளுது இல்லாமலும் இல்லை. பேப்பர் இல்லாம யாரும் கை வெக்கக் கூடாது."

அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன். மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது வீட்டில் இருந்தவர் ஆட்டோ ஓட்டுபவர். என் கையால் தைத்த சீட்டில்தான் அவர் சவாரி ஏற்றினார். அவர் முதலில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். தாளைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"அண்ணா, வூட்ல முழுகாம கீது. மூணு மாசம். இப்பப் போயி பச்ச மரத்த வெட்றதுக்கு நான் கையெழுத்து போட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வூட்டாண்டையே சேக்காது."

வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் பச்சை மரத்தை வெட்டமாட்டார்கள், சுவரை இடிக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். அவரோடு நான் எதற்கு வாதாட வேண்டும்? குழந்தை பிறக்கட்டும் என்று தாளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கழித்து அவர் கையெழுத்துப் போட்டார். அப்போது மூன்றாவது வீட்டு அக்காவின் மகள் பீர்க்கன்கரணையிலிருந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"அவ வாழப் போன வீடு அங்கதானே இருக்கு அக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எங்க வாழப் போனாலும் என் வயித்துல பொறந்தவ. பொறந்த வீட்டுல மரத்த சாய்ப்பாங்களா? நீயும் ஒரு பொண்ணு வெச்சிருக்கே, இப்படிக் கேக்கறியே!"

மனைவி திரும்பி வந்துவிட்டாள். நானும் ஒத்துக்கொண்டேன். தாள் மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று.

இதற்கு நடுவில் கரண்டுக்காரர்கள் ஏணியோடு வந்தார்கள். தெருப்பக்கம் கம்பியில் உரசிய கிளைகளை ஒரு மணி நேரத்தில் வெட்டித் தள்ளினார்கள். அவர்களிடம் யாரும் பேப்பர் கேட்கவில்லை. முதல் வீட்டு சார் அவர்களுக்கு மோர் கொடுத்தார். அவர்கள் போன பிறகு பார்த்தேன். தெருப்பக்கம் மொட்டை, பாரம் முழுவதும் என் பக்கம். அதுவரை சாய்ந்து நின்ற மரம் அதன் பிறகு குனிந்து நிற்கிற மாதிரி தெரிந்தது. என் பக்கத்துக் கிளையையும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்று ஏணியில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று கிட்டே போய் நின்றேன். அவர் ஏணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடிற்று. என் மகளுக்குக் கல்யாணம் நடந்து அவள் படப்பைக்குப் போனாள். அந்த மாசியில்தான் ஒரு வழியாக நாலு கையெழுத்தும் ஒரே தாளில் விழுந்தன. மனுவைக் கொடுத்தேன். பங்குனிக் கடைசியில் ஒருவர் மரத்தைப் பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "பச்சையாத்தானேய்யா நிக்குது?" என்றார். பொந்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

சித்திரையில் அனுமதி வந்தது. பெற்றுக்கொண்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மரத்தை வெட்டி அகற்ற வேண்டும், தவறினால் அனுமதி தானாக ரத்தாகும் என்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை போல வீட்டில் பலகாரம் மணந்தது. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மனைவி என்னைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ஒன்றரை மாசம்."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் பேப்பர் மறந்தே போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அது பையில் சரசரத்தது. எடுத்து மனைவியிடம் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அவ பெத்து எழுந்திரிக்கட்டும். அப்புறம் நீங்க தோப்பையே வெட்டுங்க."

"அவ பிரசவத்துக்கு வந்து படுக்கப் போறது அந்த உள் ரூம்லதானே? ஐப்பசி மழையில வருவா."

"அதுவா விழுந்தா அது நம்ம தலையெழுத்து. நாமளா விழ வெக்கக் கூடாது."

எனக்கு அவளோடு பேசத் தெரியும். அவளோடு மட்டும்தான் தெரியும். அன்று அவளிடமும் பேச முடியவில்லை. மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ வெட்டுப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்த ரூம்ல படுத்துக்கிட்டு மேலயே பார்த்துக்கிட்டு இருக்கறதுதான் எனக்கு பயம்."

இந்தப் பேச்சில் யாருடைய வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்திருக்க வேண்டுமோ அவள் சொல்லிவிட்டாள். நான் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு பேப்பரை மடித்தேன்.

விஷயம் நாலு வீட்டுக்கும் போயிற்று. முதல் வீட்டு சார், "கட்டிக் கொடுத்த பொண்ணு வேற வீடுய்யா. தடை ஒண்ணும் கிடையாது. வெட்டு" என்றார். மூன்றாம் வீட்டு அக்கா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டே கேட்டாள்: "அப்போ எம் பொண்ணுக்காக மட்டும் எதுக்கு அத்தனை நாள் சும்மா இருந்தாரு? அவருக்கே தெரியும் சார். நீங்க சும்மா இருங்க." அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் மகளுக்கு ஒரு நியாயம், என் மகளுக்கு ஒரு நியாயம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நானே ஒத்துக்கொண்டதுதானே.

ஒரு நாள் மட்டும் துணிந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஏரிக்கரைப் பக்கமிருந்து மரம் வெட்டுபவரை அழைத்து வந்தேன். அவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், பொந்தில் கை விட்டுப் பார்த்தார், எந்தப் பக்கம் கயிறு கட்டி இழுத்தால் ஷீட்டில் படாது என்று எனக்கு விளக்கினார். கயிறு கட்ட ஏறியும் விட்டார். அப்போது மூன்றாம் வீட்டுக் கதவு திறந்தது.

"ஏம்பா, அந்த வீட்டுல பொண்ணு மாசமா இருக்குது. தெரியுமா உனக்கு?"

அவர் கிளை மேலே இருந்தபடியே என்னைப் பார்த்தார். "நெசமாவா சார்?"

நான் தலையை ஆட்டினேன்.

"இன்னா சார் நீ? இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கும் புள்ள குட்டி கீது. பேஜாரு புடிச்ச வேலையால்ல இட்டாந்துட்டே!" கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கூலி வேண்டாம் என்றார். கிணற்றில் முகம் கழுவிக்கொண்டு, மரத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இருபத்தேழாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். நாளை நீட்டித்துத் தர வேண்டும் என்று கேட்பதற்கு மத்தியானம் வரைக்கும் நின்றேன். பேப்பரை வாங்கிப் பார்த்தவர், "கொடுத்தாச்சே, ஏன் வெட்டலை?" என்றார். நான் அவர் கையிலிருந்த பேப்பரையே பார்த்தேன். அவர் மறுபடியும் கேட்டார்.

"வீட்ல பொண்ணு… மாசமா…"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை மாசம்?"

"மூணு ஆகப் போகுது சார்."

"அப்போ வெட்டாதேய்யா" என்றார் உடனே. பிறகு ஃபைலைப் பார்த்து, "நீட்டிப்புக்கெல்லாம் இங்க ஃபாரம் கிடையாது. நாலு கையெழுத்தும் ஃபைல்லயே இருக்கு, புதுசா மனு மட்டும் கொடு" என்றார். அவரே ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏதோ ஒரு வேலையை முடித்த மாதிரி இருந்தது.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஆவணியில்தான் தெரிந்தது. வானம் கறுக்க ஆரம்பித்ததும் மனைவிக்கே பயம் வந்துவிட்டது. "கிளை கழிக்கறது மரம் வெட்டறது ஆகாது. ரூம் மேல இருக்கற கிளையை மட்டும் எடுத்துடலாம்" என்று அவளாகவே இறங்கி வந்தாள். மூன்றாம் வீட்டு அக்காகூட, "கிளைதானே, பரவாயில்லை" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை தடுத்தவர் முதல் வீட்டு சார்.

"மனு கொடுத்திருக்கியே. அது பெண்டிங்ல இருக்கும்போது இலையத் தொட்டாலும் நாலு பேருக்கும் நோட்டீஸ் வரும். போய்க் கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார். "யாரையும் கேக்காம முன்னாடியே வெட்டிப் போட்டிருந்தா உன்னை எவன்யா கேட்டிருக்கப் போறான்? நீ கேட்டுட்டே. நம்பர் விழுந்துடுச்சு. இனிமே நீ ஒரு குச்சியை ஒடிச்சாலும் நான் பதில் சொல்லணும். யாராவது வந்து பார்க்கட்டும், இரு." எப்போது வந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். பார்ப்பவர் லீவில் இருந்தார்.

புரட்டாசியில் வளைகாப்புக்கு நாள் குறிக்கச் சம்பந்தியம்மா படப்பையிலிருந்து வந்தார். நிலம் நீச்சு உள்ள குடும்பம், ஆனால் அலட்டல் இல்லாதவர். காப்பி குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உள் அறை வாசலில் நின்றார்.

"இந்த ரூம்லதான் புள்ளைய வெச்சுக்கப் போறீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"மேல ஷீட்டா?"

"ஆமாங்க."

வெளியே போனார். அண்ணாந்து பார்த்தார். யாரும் காட்டாமலே பொந்தைக் கண்டுபிடித்து உள்ளே கையை விட்டார். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். செருப்பைப் போடும்போதுதான் சொன்னார்.

"வளைகாப்ப நீங்க இங்க நல்லாப் பண்ணுங்க. பிரசவம் எங்க வீட்லயே ஆகட்டும். தப்பா நினைக்காதீங்க."

மனைவி அவர் பின்னாலேயே வந்தாள். "தலைப்பிரசவம் அம்மா வீட்லதாங்க வழக்கம்…"

"எனக்குத் தெரியாதா? எனக்கும் எங்கம்மா வீட்லதான் ஆச்சு. எங்கம்மா வீட்டு மேல மரம் இல்லை."

நான் தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மகளைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு நாங்கள் உள் அறைக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இந்த வார்த்தைகளெல்லாம் மறுநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்று வரவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். மனைவி அதை வெகுநாள் மறக்கவில்லை. "சரிங்களாமே, சரிங்க!" என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்வாள்.

அதற்கப்புறம் நிஜமாகவே போர்ஷன் தேடினேன். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒன்று கிடைத்தது, தளம் போட்ட வீடு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று படப்பைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே சம்பந்தி வீட்டார் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். மழையைப் பற்றிக் கேட்டார்கள், கடையைப் பற்றிக் கேட்டார்கள். காப்பி குடித்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்த மகள், "அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லை."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தன. ஏரி நிரம்பி எங்கள் தெருமுனை வரைக்கும் தண்ணீர் நின்றது. இரண்டு தடவை புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் நல்ல திடமான வேப்பமரம் முறிந்தது, ஒரு மதில் சுவர் சரிந்தது. எங்கள் மரத்திலிருந்து ஒரு விரல் பருமன் குச்சிகூட என் ஷீட்டின் மேல் விழவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் வெளியே வந்து பார்ப்பேன். நின்றுகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அது விழுந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. உள் அறையில் யாரும் இல்லை. விழுந்து ஷீட்டை உடைத்தால், நான் பயந்ததும் அலைந்ததும் வெறும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்றாவது ஆகும். "பார்த்தியா, கல்லு மாதிரி நிக்குது. நீதான் சும்மா கிடந்து அடிச்சுக்கிட்டே" என்று முதல் வீட்டு சார் சொன்னார்.

மார்கழிப் பிறப்பில் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மனைவி பெஞ்சில் இருந்தாள். அங்கிருந்து குழந்தை படப்பைக்குப் போயிற்று, அவள் இங்கே வந்தாள். பதினைந்து நாள் கழித்து இரண்டு பேரும் பார்க்கப் போனோம். மனைவி பிரசவ லேகியம் கிளறி ஒரு பாட்டில் எடுத்து வந்திருந்தாள். சம்பந்தியம்மா மரியாதையாகத்தான் வாங்கி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய ஜாடி நிறைய லேகியம் இருந்தது.

மகள் காங்கிரீட் போட்ட அறையில், ஜன்னலோரம் படுத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அப்போது சம்பந்தியம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"இந்த மழைக்கு உங்க வீட்டு மரம் விழுந்துடுச்சா?"

"இல்லைங்க" என்றேன். "நிக்குது."

"அப்படியா?" என்றார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் முடிச்சூரைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அவங்க கேட்டப்போ, விழுந்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை.